என் ஈரலில் தேங்கிய இரும்பு

ஒரு நாள் காலை, ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றைத் தொட்டிலில் இருந்து தூக்கப் போனேன். தூக்க முடியவில்லை. குழந்தை ஒன்றும் கனமில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எப்போது கனத்தார்கள்? என் கைதான் மேலே வர மறுத்தது. தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அது என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

இரத்தம் இல்லை என்று முடிவு கட்டினேன். எங்கள் பக்கம் எந்தப் பெண்ணுக்கு எது வந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். தலை சுற்றினால் இரத்தம் இல்லை. மூச்சு வாங்கினால் இரத்தம் இல்லை. புருஷனிடம் எரிந்து விழுந்தால்கூட இரத்தம் இல்லை. கேட்டுக் கேட்டு நாங்களே எங்களுக்கு மருந்து எழுதிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டோம். நான் எழுதிக்கொண்டேன். அந்தப் பிழையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்களில் யாராவது இப்போது அதையே செய்துகொண்டிருக்கலாம்.

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம். பேர் சொல்ல மாட்டேன். அங்கே பிள்ளைக்காம்பராவில் நான் ஆயா. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. அதற்கு முன் நானும் கொழுந்து எடுத்தவள்தான். சறுக்கி விழுந்து முழங்கால் போனதால் இங்கே போட்டார்கள். ஒன்பது வருடமாகிறது. வயது நாற்பத்தாறு.

மலையில் நின்ற காலத்தில் காலையில் கோதுமை மா ரொட்டி மூன்று, பத்து மணிக்குச் சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ, பகலுக்கு மலை போலக் குவித்த சோறு. அவ்வளவும் ஏற்ற இறக்கத்தில் கரைந்துவிடும். பிள்ளைக்காம்பராவுக்கு வந்த பிறகு, காலையில் வேலைக்கு ஏறி வருவதோடு சரி, நாள் முழுக்க ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சாப்பாடு மட்டும் அப்படியே இருந்தது. அதோடு பிள்ளைகள் மிச்சம் வைப்பதும் சேர்ந்தது. பால் டீயில் ஊறிய பிஸ்கட், சீனி போட்டுக் கிண்டிய சத்துமா, யாருடைய பிள்ளைக்காவது பிறந்த நாள் என்றால் விரல் தடிமனுக்கு ஐசிங் பூசிய கேக். கொட்ட மனம் வராது. நாய்க்குப் போடவும் மனம் வராது. நான் சாப்பிட்டேன். மலையேறுகிறவளின் சாப்பாட்டை உட்கார்ந்திருக்கிறவள் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

இனி மாத்திரைக்கு வருகிறேன்.

மாதம் ஒருமுறை மிட்வைஃப் எங்கள் பிள்ளைக்காம்பராவில்தான் கிளினிக் வைப்பார். பிள்ளைகளை நிறுப்பார். வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் பால் கொடுக்கிறவர்களுக்கும் இரும்பு மாத்திரை கொடுப்பார். தேநீரோடு போடாதீர்கள், எலுமிச்சம் தண்ணீரோடு போடுங்கள் என்று ஒவ்வொரு மாதமும் தொண்டை கிழியச் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். அவர் மோட்டார் சைக்கிள் வளைவில் மறைந்ததும் பாதிப் பேர் மாத்திரையை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அவர்களை அறிவில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுச் செங்குத்து மலையில் நின்று பாருங்கள். குமட்டும். சிலருக்கு வயிறு இறுகும், சிலருக்குக் கலக்கிக்கொண்டு போகும். மலையில் கக்கூஸ் இருக்கிறதா? இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொழுந்து நிறை குறையும். நிறை குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். பிறகு எவள் போடுவாள்?

ஜன்னலில் கிடந்த மாத்திரைகளை முதலில் நான் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். பிள்ளைகள் வாயில் போட்டுவிடக்கூடாது என்றுதான். கை தூக்க முடியாமல் போனபோது அந்த டின் ஞாபகம் வந்தது. ஒன்று போட்டேன். பிறகு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மிட்வைஃப் சொன்ன மாதிரியே எலுமிச்சம் தண்ணீரோடு. அந்தத் தோட்டத்தில் அவர் சொல்லை நூற்றுக்கு நூறு கேட்டவள் நான் ஒருத்திதான்.

நாலு வருடம் போட்டேன்.

களைப்புப் போகவில்லை. உடம்பு பெருத்தது. விலா எலும்புக்குக் கீழே வலது பக்கம் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போல ஒரு பாரம். தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதிக் கொடுத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கிளினிக்கில் யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா ஒருவர். வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அடுத்த முறை போனபோது டொக்டர் என் கிளினிக் கொப்பியைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

“குடிக்கிறனீங்களோ அம்மா?”

“டீதான் டொக்டர்.”

“சாராயம், பியர்?”

“எங்க வீட்ல அதுக்கு வேற ஆளு இருக்கு.”

அவர் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, கொஞ்சநஞ்சம் இல்லை, ஈரல் புண்பட ஆரம்பித்திருக்கிறது என்றார். குடிக்காதவர்களுக்கும் சீனியாலும் மாவாலும் இது வரும் என்றார். ஹீமோகுளோபின் (இரத்தத்துக்குச் சிவப்பைக் கொடுத்து மூச்சுக் காற்றைச் சுமக்கும் பொருள், இதைக் கட்ட இரும்பு வேண்டும்) குறைவு. ஆனால் ஃபெரிட்டின் (உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் சோதனை) இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு.

“இரத்தத்திலை இரும்பு காணாது. ஈரலிலை கூடக் கிடக்கு. இது எனக்கு வடிவாப் பிடிபடேல்லை,” என்றார். வேறு மருந்து ஏதும் எடுக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பொய். ஏன் சொன்னேன் என்று சொல்கிறேன். மாத்திரை எங்கிருந்து வந்தது என்று அடுத்த கேள்வி வரும். தாய்மாரின் பேர் வரும். மிட்வைஃபின் காதுக்குப் போகும். தோட்டத்து ஆபீசுக்கும் போகும். பிள்ளைக்காம்பரா வேலை போனால் இந்த முழங்காலோடு நான் எந்த மலையில் நிற்பது?

அப்படியானால் பரம்பரையாக இரும்பு சேரும் நோயாக இருக்கலாம், கண்டிக்கு அனுப்பி ஈரலில் பயாப்சி (ஊசியை உள்ளே விட்டு ஈரல் சதையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) செய்து பார்க்க வேண்டிவரும் என்றார் டொக்டர். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வீட்டில் என் புருஷன் ராசுவிடம் சொன்னேன். அவர் ஃபெக்டரியில் வேலை. சம்பள நாளில் குடிக்காமல் வந்ததில்லை. கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“குடிக்கிறது நானு, ஈரல் கெடுறது ஒனக்கா? நல்லாருக்கே ஞாயம்.”

அன்றைக்கு அவருக்கு நான் ரொட்டி சுட்டுக் கொடுக்கவில்லை.

நாங்கள் இருக்கும் லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய அந்தக் காம்பராக்களில், விஷயம் பரவியது. ஈரல் என்றதும் நான் ஒளித்துக் குடிக்கிறேன் என்று ஒரு கதை. இரத்தம் இல்லை என்றதும் பக்கத்துக் காம்பராக்காரி பீட்ரூட்டும் கோழி ஈரலும் கொண்டுவந்தாள். ஒரே வாரத்தில் குடிகாரி என்றும் பாவம் என்றும் இரண்டு பெயர் வாங்கினேன்.

கண்டிக்கு ஊசிக்குப் போய்விடுவதாகத்தான் இருந்தேன். வாயைத் திறப்பதைவிட ஊசி சுலபம் என்று நினைத்தேன். அதற்குள் தேவி விழுந்தாள்.

தேவிக்கு இருபத்து மூன்று வயது. ஏழு மாதக் கைக்குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போகிறவள். பதிவு கிடையாது, கைக்காசுக்கு வேலை செய்கிறாள். நாளைக்கு வராதே என்று சொன்னால் அவ்வளவுதான். பகல் நிறுவைக்குக் கொழுந்தைத் தூக்கிக்கொண்டு இறங்கி வரும்போது கண் இருட்டி, படியில் உருண்டு, நெற்றி கிழிந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தம் மோசமாகக் குறைந்திருந்தது. இரத்தம் ஏற்றித்தான் அனுப்பினார்கள்.

ஜன்னல் கட்டையில் மாதம் தவறாமல் மாத்திரை வைத்துவிட்டுப் போனவர்களில் அவளும் ஒருத்தி. வயிற்றில் பிள்ளை இருந்தபோதும் வைத்தாள், பெற்ற பிறகும் வைத்தாள். அவளுக்குப் போக வேண்டிய இரும்பு என் ஈரலில் கிடந்தது. எனக்கும் அதனால் பிரயோசனம் இல்லை. இதை யோசித்தபோது அழுகை வரவில்லை. யாரையாவது அறைய வேண்டும் போலிருந்தது. முதல் அறை எனக்குத்தான் விழ வேண்டும் என்பதும் தெரிந்தது.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் கண்டிக்குக் கடிதம் எழுதப் பேனையை எடுத்தார். சொன்னேன்.

“டொக்டர், நான் இரும்பு மாத்திரை போடுறேன்.”

“ஆர் தந்தது?”

“யாரும் தரல.”

“எத்தினை?”

“நாளைக்கு ரெண்டு. நாலு வருஷமா.”

பேனையை வைத்தார். “போனமுறை கேட்டனான் அம்மா. ஒண்டும் இல்லையெண்டனீங்கள்.”

“ஆமா. பொய் சொன்னேன்.”

திட்டுவார் என்று பார்த்தேன். அவர் கதிரையை இழுத்து என் பக்கம் போட்டு உட்கார்ந்தார். வெளியே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவர் அவசரப்படவில்லை. எனக்கு விளங்கிய விதத்தில் எழுதுகிறேன்.

நாம் தின்னும் இரும்பு எவ்வளவு உள்ளே வர வேண்டும், உள்ளே இருப்பது எவ்வளவு வெளியே போக வேண்டும் என்று தீர்மானிப்பது ஈரல்தான். அதற்காக ஹெப்சிடின் (ஈரல் இரத்தத்தில் விடும் ஒரு சுரப்பு, இரும்பின் போக்குவரத்தை அடைக்கும்) என்று ஒன்றைச் செய்கிறது. கொழுப்பு சேர்ந்து ஈரல் புண்பட்டால் ஹெப்சிடின் தேவைக்கு மேல் சுரக்கும். அப்போது சேமிப்பில் உள்ள இரும்பு அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். எலும்புக்குள் இரத்தம் ஊறும் இடத்துக்கு அது போய்ச் சேராது. அதனால் உள்ளே இரும்பு இருந்தும் ஆள் வெளிறிப் போவாள். புண்பட்ட ஈரலில் ஃபெரிட்டின் தானாகவும் ஏறும் என்பதால், அந்த எண் முழுவதும் இரும்பு என்று நினைக்கக்கூடாது என்றும் சொன்னார்.

நான் விடவில்லை. அடைக்கிறது என்றால் நான் போட்ட மாத்திரை எப்படி உள்ளே போனது என்று கேட்டேன்.

“முழுசா அடைக்காதம்மா. ஒவ்வொரு நாளும் அவ்வளவு போட்டால் கொஞ்சமெண்டாலும் போகும். போனது வெளியாலை வராது. சில ஆக்களுக்கு ஈரல் சொல்லுறதைக் குடல் கேக்கிறதுமில்லை. எல்லாம் எங்களுக்கும் தெரியாது.”

தெரியாது என்று சொன்ன முதல் டொக்டர் அவர்தான். அதனால் அவர் சொன்ன மற்றதை நம்பினேன்.

கொழுப்புள்ள ஈரலில் இரும்பும் கிடந்தால் புண் இன்னும் மோசமாகும், தழும்பாகும், தழும்பு முற்றினால் ஈரல் சுருங்கிவிடும் என்றார். கண்டி ஊசியை மூன்று மாதம் தள்ளி வைத்தார். மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும். சீனி, கோதுமை மா, பிஸ்கட், கேக் எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். நடக்க வேண்டும். மூன்று மாதத்தில் எண்கள் இறங்காவிட்டால் ஊசிதான்.

அது சொல்லச் சுலபம். மீன் சாப்பிடுங்கள், பழம் சாப்பிடுங்கள் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். லயத்தில் மலிவாக வயிறு நிறைக்கிறது கோதுமை மாதான். அந்தத் தாளை எழுதியவர் எங்கள் கடைப்பக்கம் வந்ததில்லை. ஆனாலும் நான் செய்தேன். ரொட்டி மூன்றை ஒன்றாக்கினேன். குரக்கன் (கேழ்வரகு) மா கிடைத்தபோது அதில் சுட்டேன். லயத்துக்குப் பின்னால் வல்லாரையும் பொன்னாங்காணியும் போட்டேன். பிளேன்டீயைச் சீனி இல்லாமல் குடித்த முதல் நாள் வாயில் பழைய சாக்கைக் கழுவி ஊற்றியது போல இருந்தது. இருபது நாளில் அந்தக் கசப்பு பழகிவிட்டது. பிள்ளைகளின் மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டினேன். அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம்.

பிறகு, நான் பயந்தது வந்தது. கிளினிக்குக்குப் போன நாட்களுக்கு லீவு வேண்டுமானால் டொக்டர் தந்த துண்டுச் சீட்டைத் தோட்டத்து ஆபீசில் காட்ட வேண்டும். அதில் டொக்டர் எழுதியிருந்தார், சுயமாக இரும்பு மாத்திரை எடுத்தது என்று. தொழிலாளர் நலன் பார்க்கும் அதிகாரியான வெல்ஃபெயார் ஐயா அதைப் படித்தார். என்னைக் கூப்பிட்டார். அவரும் லயத்தில் பிறந்து படித்து மேலே போனவர். அதனால் இரண்டு மடங்கு அதிகாரம்.

“அரசாங்கத்து மாத்திரை. யார் யார்ட்ட எடுத்தீங்க? பேரைச் சொல்லுங்க ஆயா. இல்லாட்டி களவுன்னுதான் எழுதணும்.”

“எழுதுங்க. நானே போட்டேன்னு எழுதுங்க. வேணாம்னு வச்சிட்டுப் போனதப் போட்டேன்னு எழுதுங்க. ஏன் வேணாம்னு வச்சாங்கன்னும் எழுதுங்க. மலையில கக்கூஸ் இல்லன்னு அதுலயே எழுதுங்க.”

“அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?”

“நாளைக்கு வெறும் வயித்துல ஒன்னப் போட்டுட்டு அஞ்சாம் நம்பர் மலையில ஏறுங்க. சம்பந்தம் தெரியும்.”

அந்த நேரம் பார்த்து வாசலில் தேவி வந்து நின்றாள். நெற்றியில் தையல் போட்ட கட்டு. சொல்ல வந்திருக்கிறாள் என்று முகத்திலேயே தெரிந்தது. அவள் வாயைத் திறக்குமுன் நான் திரும்பினேன்.

“புள்ள பாலுக்குக் கத்துது. போ.”

“ஆயாம்மா, நான்தான்...”

“போடின்னா போ.”

போனாள். வெல்ஃபெயார் ஐயா என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கியிருக்கும். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பதாகத் தாள் கொடுத்தார்.

இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு வேறு ஒரு பெண்ணைப் போட்டார்கள். நாலு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் வரவில்லை. அடுத்து வந்தவள் இரண்டு நாள். அதன் பிறகு தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போய் நின்றிருக்கிறார்கள். காலையில் வேலை பிரிக்கும் இடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் அழுதால் தோட்டத்துத் துரைக்குக் காது இருக்குமே. மறுநாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். கொடுக்க மாட்டேன் என்றேன். கடிதம் இல்லாமலே பிள்ளைக்காம்பராக் கதவின் திறப்பைத் தந்தார்கள்.

நான் ஒரு கண்டிஷன் போட்டேன். பால் கொடுக்கத் தாய்மார் பகலில் இறங்கி வருகிறார்கள்தானே. அப்போது சோறு சாப்பிட்ட பிறகு, பிள்ளைக்காம்பராவிலேயே உட்கார்ந்து மாத்திரையைப் போடட்டும். அங்கே கக்கூஸ் இருக்கிறது. அந்த அரை மணி நேரத்துக்கென்று அவர்களுடைய கொழுந்து நிறையில் வெட்டக்கூடாது. மிட்வைஃப் உடனே ஒத்துக்கொண்டார். என்னிடம் ஒரு மாதம் பேசாமல் இருந்தார், அது வேறு. தோட்டத்தில் அரை மணியைக் கால் மணியாக்கினார்கள். இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மலையில் கக்கூஸ் வரவில்லை.

இதைப் படிக்கிற வயிற்றுப் பிள்ளைக்காரியே, உன் மாத்திரையை நிறுத்திவிடாதே. அது உனக்கு வேண்டும். உனக்கென்று எழுதிக் கொடுத்ததை நீ போடு. என்னைப்போல வயது போய், இடுப்புப் பெருத்து, களைத்துக் கிடப்பவளே, அடுத்தவளின் மாத்திரையைப் போடாதே. இரத்தம் இல்லை என்று யாராவது சொன்னால், சோதித்துப் பார்த்தீர்களா என்று கேள். ஃபெரிட்டின் என்று ஒரு சோதனை இருக்கிறது, அந்தப் பேரை மனப்பாடம் செய்து வைத்துக்கொள். டொக்டரிடம் பொய் சொல்லாதே. நான் சொன்ன பொய்க்கு என் ஈரலை ஊசியால் குத்தியிருப்பார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஃபெரிட்டின் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. உடம்பில் ஆறு கிலோ குறைந்திருந்தது. ஊசி வேண்டாம் என்றார் டொக்டர். அடுத்த மூன்று மாதத்தில், ஒரு இரும்பு மாத்திரையும் போடாமல், ஹீமோகுளோபின் ஏறியது. உள்ளே கிடந்ததே வெளியே வந்திருக்கிறது. ஸ்கேனில் கொழுப்பு இன்னும் இருக்கிறது. குறைந்திருக்கிறது, போகவில்லை. வருடக்கணக்காகும் என்றார். தழும்பு விழுந்திருந்தால் அது எவ்வளவு மாறும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

ஈரல் வலிக்கிற உறுப்பு இல்லை. கெட்டபோதும் சொல்லவில்லை, ஆறும்போதும் சொல்லவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாளில்தான் அதன் சங்கதி வருகிறது. முன்பு நாளையும் மாதத்தையும் நான் எண்ணியது சம்பளத்தை வைத்துத்தான். இப்போது கிளினிக் கொப்பியை வைத்து.

இன்னொன்றும் மாறிவிட்டது. களைப்பு என்பது என் குணம் என்று நினைத்திருந்தேன். சிடுமூஞ்சி, சோம்பேறி, உட்கார்ந்தால் எழும்பாதவள் என்று ராசு சொல்வார், நானும் நம்பினேன். சிடுமூஞ்சி நான்தான், அது போகவில்லை. மற்ற இரண்டும் நோய்.

லயத்திலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு மேலே ஏற எனக்கு அரை மணி நேரம் எடுக்கும். வழியில் இரண்டு இடத்தில் உட்காருவேன். போன மாதம் ஒரு நாள், உட்காராமலே வந்துவிட்டேன் என்பது கதவைத் திறக்கும்போதுதான் தெரிந்தது. அப்படி மிச்சமானதில், பிள்ளைகள் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. கூட்டவில்லை. தண்ணீர் வைக்கவில்லை. படியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மெதுவாக இறங்கி வந்தது.

போன வருடங்களை எனக்கு யாரும் திருப்பித் தரப் போவதில்லை. இந்தப் பத்து நிமிடத்தை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.